நிண்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் வாங்கித் தரலாமா? பூப்பந்து ஆடுறவங்க சொல்லுங்க

வணக்கம். கும்பகோணம் பக்கம். தங்கச்சி பையன் பள்ளிக்கூட டீம்ல பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடுறான் (தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம்னு பெருமை வேற). ஐப்பசி மழையில தரை காயறதே இல்ல. "மாமா, நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் வாங்கிக் குடுங்க, வீட்லயே பழகுறேன்"னு நச்சரிக்கிறான். கையில கன்ட்ரோலரைப் பிடிச்சு வீசி ஆடுற வீடியோ கேம் அது; 2022ல வந்தது, பேட்மின்டனும் டென்னிஸும் இருக்கு. ஆனா அதுல திரையில இருக்கிற பொம்மை தானாவே ஓடிக்குது; நாம எந்த நேரத்துல எப்படிக் கையை வீசுறோம்ங்கிறதுதான் கணக்கு. பூப்பந்துக்கு உயிரே கால்தானே! சோபாவுல சாஞ்சுக்கிட்டு மணிக்கட்டை ஆட்டுறவனே இவனை ஜெயிச்சிடுவான்னு தோணுது.

நிஜமா மட்டை பிடிக்கிறவங்க யாராவது இதை ஆடியிருக்கீங்களா? பழகின கை அதுல உதவுதா, இடைஞ்சலா? வீச்சு கெட்டுப்போனா அவன் கோச்சுக்கு நான்தான் பதில் சொல்லணும்.