மறு: மறு: பேக்ரவுண்ட் திரெட் – பின்னணி இழையா, பின்னிழையா, பின்புரியா?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல்: என் பாடக்குறிப்புக்கு, 'பேக்ரவுண்ட் திரெட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? இன்று புதன் இரவு, 41 மடல்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. வெள்ளி மாலை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது.

பாடம் என்ன என்பது நடுவில் தொலைந்துபோனதால் மறுபடி சொல்லிவிடுகிறேன். திரெட் என்பது ஒரு செயலிக்குள் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு தனி வரிசை. ஆண்ட்ராய்டில் திரையை வரைவது, விரல் தொடுவதைக் கவனிப்பது எல்லாம் ஒரே திரெட்டின் வேலை, அதுதான் முதன்மை இழை. நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமென்றால் ஒரு முறைக்கு 16 மில்லிநொடிதான் கிடைக்கும். அதன் தலையில் பெரிய வேலையைக் கட்டினால் திரை உறைந்துபோகும். தொட்டு 5 நொடி ஆகியும் அசையாவிட்டால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டி வந்து நிற்கும். அதனால் கனமான வேலையை வேறொரு திரெட்டிடம் தள்ளுகிறோம். இதை ஒவ்வொரு இடத்திலும் கையால் எழுதுவது அலுப்பு. ஆண்ட்ராய்டு அன்னொட்டேஷன்ஸ் போன்ற நூலகம் (முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு) இருந்தால், மெத்தடின், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின், தலையில் 'பேக்ரவுண்ட்' என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும். கம்பைல் ஆகும் நேரத்தில், அதாவது நிரல் இயங்கும் வடிவுக்கு மாறும்போது, கருவியே நம் வகுப்பிலிருந்து (பள்ளி வகுப்பு அல்ல, மெத்தடுகளைச் சேர்த்து வைக்கும் 'கிளாஸ்') கிளைத்த இன்னொரு வகுப்பை எழுதிவிடும். பெயர் அதேதான், கடைசியில் ஓர் அடிக்கோடு மட்டும் கூடும். அந்தக் கிளை வகுப்பு வேலையைத் தூக்கிப் பின்னால் இருக்கும் திரெட்டிடம் கொடுக்கும், நாம் எழுதிய மெத்தட் அங்கே ஓடும். இதைத்தான் நான் தமிழில் எழுத வேண்டும்.

> பின் + இழை = பின்னிழை. தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வரின் இரட்டும். இதில் என்ன தயக்கம்?

புலவர் ஐயா, விதியில் தயக்கமில்லை. நேற்று வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் பலகையில் 'பின்னிழை' என்று எழுதி, என்ன பொருள் என்று கேட்டேன். நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி உடனே, "ஒண்ணோட ஒண்ணு பின்னின இழை" என்றாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. பின்னு + இழை என்றாலும் உகரம் கெட்டுப் பின்னிழைதான், வினைத்தொகை. எங்கள் பாடத்திலோ இரண்டு இழைகள் பின்னிக்கொள்வது ஒரு நோய். இது பிடித்த பூட்டுக்கு அது காத்திருக்கும், அது பிடித்த பூட்டுக்கு இது காத்திருக்கும், இரண்டும் அப்படியே நின்றுவிடும். நலமாக இருக்கும் ஒன்றுக்கு நோயின் பெயரை வைக்க எனக்கு மனமில்லை.

> புரி என்றால் கயிற்றின் இழை. முப்புரி நூல், வைக்கோற்புரி. புரி என்றால் செய்தலும்கூட. தொழில் புரி, தவம் புரி. ஆக, செயல் செய்யும் இழை! ஆங்கிலத்துக்கே வாய்க்காத சொல்.

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் புரியில் முறுக்குதல் இருக்கிறது. வலம்புரிச் சங்கில் இருப்பதும் அந்த வளைவுதானே. செய்தல் என்ற பொருளும் அதே வேரில் பிறந்தது என்பதை நீங்கள் அடுத்தடுத்து ஆறு மடல்களில் நிறுவப் பார்த்தீர்கள், எனக்கு அது ஒட்டவில்லை. வேர் ஒன்றாகவே இருக்கட்டும். முறுக்கிய கயிற்றில் ஒரு புரியை மட்டும் தனியே ஓடவிட முடியாது, எங்கள் திரெட் தனியே ஓட வேண்டும். அப்புறம், 'இந்தப் புரி புரிகிறதா' என்று பிள்ளைகளிடம் நாள் முழுக்க நான் கேட்க வேண்டி வரும். இழை ஏற்கெனவே பழகிய சொல். இந்தக் குழுவிலேயே ஒரு தலைப்பில் தொடரும் மடல்களை இழை என்றுதானே சொல்கிறோம்?

இழைக்குச் சான்றாக நன்னூல் பாயிரத்தின் 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக' என்ற வெண்பாவை எடுத்துக் கொடுத்தவருக்குத் தனியாக நன்றி. சொல் பஞ்சு, புலவன் நூற்கிறவள், வாய் கை, மதி கதிர் என்று போகும் அந்த உருவகத்தைப் பாடக்குறிப்பின் ஓரத்தில் சேர்த்துவிட்டேன். தேர்வுக்கு வராது. தெரிந்துகொள்ளட்டும்.

> நேர்காணலில் திரெட் என்றுதான் கேட்பார்கள். பேக்ரவுண்ட் திரெட் என்றே எழுதிவிட்டுப் போங்கள் அக்கா.

தம்பி, நீ சொல்வது நியாயம்தான். முதல் தடவை வரும்போது அதையும் தமிழ் எழுத்திலேயே பக்கத்தில் கொடுக்கிறேன். வடசொல்லுக்கே வழிவிட்டார் தொல்காப்பியர் என்று இங்கே ஒருவர் எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழிவிடுவது வேறு, நமக்கென்று சொல்லே தேடாமல் இருப்பது வேறு. 'பின்னணி' என்றதும் என் மாணவர்களுக்குப் பின்னணிப் பாடகர் நினைவுக்கு வருகிறார். உதடு அசைப்பவர் ஒருவர், பாடுகிறவர் வேறொருவர். பாடுகிறவர் திரையில் வருவதில்லை. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தப்பு, பின்னால் ஓடும் திரெட்டிலிருந்தே திரையில் உள்ள பொத்தானையோ எழுத்தையோ மாற்றப் பார்ப்பது. ஆண்ட்ராய்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. திரையை மாற்ற வேண்டுமென்றால் முதன்மை இழைக்குத் திரும்பி வர வேண்டும். பின்னணிப் பாடகர் திரைக்கு வரமாட்டார் என்று ஒரு வரி சொன்னேன், மூன்று வாரமாகப் பிடிபடாதது பிடிபட்டது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பின்புலம் என்ற சொல்லை நிறத்துக்கும் படத்துக்கும் வைத்துக்கொள்வோம். 'பூதம்' வேண்டாம். புகாரின் சதுக்கப் பூதம் வரை போன மடல் சுவையானது, ஆனால் அது டீமன் என்ற வேறொரு கலைச்சொல்லுக்கானது. ஜாவா என்ற நிரல்மொழியில் டீமன் என்றால் வேறு பொருள்: மற்ற இழைகள் எல்லாம் முடிந்துவிட்டால், இது முடியட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். பின்னணியில் ஓடுவதெல்லாம் டீமன் ஆகிவிடாது.

> எங்கட பக்கம் ஜெனரேற்றரை மின்பிறப்பாக்கி எண்டுதான் சொல்லுறது. அப்ப கோட் ஜெனரேற்றர் நிரல்பிறப்பாக்கிதானே?

அடிக்கோடு சேர்ந்த வகுப்பை எழுதித்தரும் கருவிக்கு இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. 'நிரலியற்றி' என்ற மாற்று அதைவிட இனிமையாக ஒலிக்கிறது, ஆனால் இயற்றுவது புலவன். இந்தக் கருவி அச்சில் வார்ப்பது போல ஒரே மாதிரி எழுதித் தள்ளுகிறது. இருந்தாலும் பிறப்பாக்கி என்றால் இங்கே பிள்ளைகள் விழிப்பார்கள் என்று நான்கு பேர் சொல்கிறீர்கள். இப்போதைக்கு 'நிரலை எழுதித்தரும் கருவி' என்று விளக்கமாகவே போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. 41 மடல்களிலும் யாரும் தொடாத சொல் ஒன்று, அந்த அடிக்கோடு சேர்ந்த வகுப்புக்கு என்ன பெயர் என்பது. போன வாரம் ஒரு மாணவர் பெரிய கோப்பைப் படிக்கும் மெத்தடுக்குக் குறிப்பெல்லாம் சரியாக வைத்திருந்தார். ஆனால் மூல வகுப்பையே நேரடியாக உருவாக்கிப் பயன்படுத்திவிட்டார். குறிப்பு வெறும் குறிப்பாகவே கிடந்தது, வேலை முதன்மை இழையிலேயே ஓடியது, திரை உறைந்தது. ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் பக்கத்து இருக்கைப் பெண், "டேய், நீ அடிக்கோட்டு வகுப்பைக் கூப்பிடவே இல்லடா" என்றாள். அடிக்கோட்டு வகுப்பு! நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்களுக்குள்ளேயே ஒரு மாதமாகப் புழங்குகிறதாம். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இதுவரை எண்ணிப் பார்த்ததில் பின்னணி இழைக்கு 9 பேர், பின்னிழைக்கு 4, பேக்ரவுண்ட் திரெட்டுக்கு 3, பின்புரிக்கு அண்ணா ஒருவர். மற்றவர்கள் பிடிகொடுக்கவில்லை. பின்னணி இழை என்று இடம் விட்டு எழுதுகிறேன். 'பின்னணியிழை' என்று சேர்த்தே எழுத வேண்டும் என்ற ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன், ஐயா சொன்ன சொற்களிலேயே.

பிறப்பாக்கிக்கு மட்டும் நாளை இரவுக்குள் யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கடைசியாகத்தான் அனுப்புவேன்.