கால்சியம் வராவிட்டால் சவ்வு ஒட்டாது: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராத்திரிடியூட்டி:
ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பிரசவ வார்டில் நடந்தது. பிரஷர் ஏறி வலிப்பு வந்த ஒரு பெண்ணுக்கு மக்னீசியம் சல்ஃபேட் போட்டுக்கொண்டிருந்தோம். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம், பிட்டத்தில் பக்கம் மாற்றி மாற்றி. மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதா என்று தெரிய, ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், யூரின் பையைப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை 3 மணி. சுத்தியலைக் காணோம். ஸ்டெதஸ்கோப் விளிம்பால் தட்டினேன், கால் அசையவில்லை. அடுத்த காலும் அப்படியே. யூரின் பையில் முந்தைய ஷிப்டில் போட்ட பேனாக் கோட்டிலேயே அளவு நின்றிருந்தது. மக்னீசியம் வெளியே போக வேறு வழி ஏது? மூச்சு நிமிடத்துக்கு 10. மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் அக்காவை எழுப்பினேன். "கால்சியம் குளுகோனேட் எடு, சீக்கிரம்!" 10 மில்லி, ரத்தக்குழாயில் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் மூச்சு ஏறியது.

நரம்பு முனையில், தசைக்குச் சேதி சொல்லும் அசிட்டைல்கோலின் அடங்கிய குமிழ்கள் சவ்வை ஒட்டியே காத்திருக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்து சினாப்டோடேக்மின் புரதத்தைப் பிடித்தால்தான் குமிழின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாகிக் குமிழ் திறக்கும். கால்சியம் உள்ளே வரும் வாசலை மக்னீசியம் மறித்துக்கொள்கிறது. இதெல்லாம் முதல் வருடமே படித்ததுதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

கடலோரவாசி:
எம்.எஸ்சி. படித்தபோது மண்டபம் பக்கம் வலையில் வந்த கடல் முள்ளெலிகளை வாங்கி வருவோம். வாயோரத் தோலில் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டு பீக்கர் மேல் கவிழ்த்தால் முட்டைகள் இழையாக வடியும். ஒரு துளி விந்து விட்டால் போதும், ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றிக் கண்ணாடி வளையம் போல ஓர் உறை எழும்பும். விந்து நுழைந்த இடத்திலிருந்து கால்சியம் அலை பரவ, சவ்வுக்கு அடியில் இருக்கும் துகள்பைகள் வரிசையாக அதனோடு கலந்து திறக்கின்றன. ஒரு நாள் எங்கள் சார் விந்தே விடாமல் கால்சியம் அயனோஃபோர் (சவ்வு வழியே கால்சியத்தைக் கடத்தும் பொருள்) மட்டும் விட்டார். அப்போதும் எழும்பியது! இங்கே கால்சியம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, முட்டைக்குள் இருக்கும் சேமிப்பே போதும்.

தவளைக்கால்:
1967-இல் டாட்ஜ், ரஹமிமோஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நரம்பு முனை எவ்வளவு அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது என்று தவளைத் தசையில் அளந்தார்கள். குறைந்த அளவுகளில் கால்சியத்தைப் பாதியாக்கினால் வெளியீடு பாதியாகாது, கிட்டத்தட்ட பதினாறில் ஒன்றாக விழும். நாலாம் அடுக்குக் கணக்கு. அதனால்தான் டாக்டர், கொஞ்சம் கால்சியம் ஏறினாலே அவ்வளவு வித்தியாசம்.

ராத்திரிடியூட்டி:
ஓ, சரி சரி. அப்புறம் அந்தச் சுத்தியல், சிஸ்டர் மேசை டிராயரில் இருந்தது.