நாற்பது நாளுக்குள் மகளுக்கு சுன்னத்து செய்ய வேண்டுமாம், கட்டாயமா?

புது உம்மா, அக்கரைப்பற்று:
மகள் பிறந்து ஒரு மாதம். நாற்பது முடிவதற்குள், பெண் பிள்ளைகளுக்கு சுன்னத்து செய்யும் ஒஸ்தா மாமியைக் கூப்பிட வேண்டும் என்று என் மாமியார் விடாப்பிடியாக நிற்கிறார். பெண்ணுறுப்பில் சின்னக் கீறல்தானாம், ஒன்றும் ஆகாதாம். என் மாப்பிள்ளை வாயே திறக்கிறார் இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மார்க்கக் கடமை என்றால் என்ன செய்வது?

நானா:
தங்கச்சி, ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வாஜிப், அதாவது கட்டாயம், என்ற கருத்து இருப்பது உண்மை, இலங்கை உலமாக்களின் சபையான ஜம்இய்யதுல் உலமாவும் 2008இல் அப்படித்தான் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. ஆனால் ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் கட்டாயமில்லை, குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. எல்லாரும் ஆதாரமாகக் காட்டுகிற உம்மு அதிய்யா ஹதீஸைப் (நபிமொழியைப்) பதிவு செய்த இமாம் அபூதாவூதே அது பலவீனமானது என்று எழுதியிருக்கிறார். 2007இல் எகிப்தில் 12 வயதுப் பிள்ளை ஒன்று இதைச் செய்யப் போய் இறந்துபோனபோது, இது ஹராம் (தடுக்கப்பட்டது) என்று அறிவித்த அந்நாட்டின் அன்றைய தலைமை முஃப்தி அலீ ஜுமுஆவும் ஷாஃபி மத்ஹபுக்காரர்தான். இதை மாமியிடம் சொல்லுங்கள்.

ஊரான்:
ஆப்பிரிக்காவில் பெண்ணுறுப்பை வெட்டித் தைப்பது வேறு, நம் ஊரில் நடப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி சமூகத்தின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

தாதி:
வேறுதான், ஆனால் குத்துவதையும் கீறுவதையும்கூட உலக சுகாதார நிறுவனம் பெண்ணுறுப்புச் சிதைப்பு என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறது. ஒரு மாதக் குழந்தையின் அந்த இடம் எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள், பிள்ளை கால் உதறும்போது பிளேடு எவ்வளவு ஆழம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? எந்த நோய்க்கும் இது மருந்து இல்லை. சரி, டாக்டரிடம் சுத்தமாகச் செய்யலாம் என்று யாராவது வந்தால், டாக்டர்மார் செய்யக் கூடாது என்று இலங்கை சுகாதார அமைச்சு 2018 மே மாதமே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வீட்டுக்கு வரும் ஒஸ்தா மாமியை அது தடுக்காது, நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

ராத்தா:
மாமியோடு நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம் மகள். உங்கள் மாப்பிள்ளை பேசட்டும், அவருக்கும் அது பிள்ளைதானே. குடும்பநல மாது வீட்டுக்கு வருகிற அன்று மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், வெளி ஆள் சொன்னால் சில நேரம் காதில் ஏறும். அதுவரை பிள்ளையை யாரிடமும் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டாம்.