'பாட் கால்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க வான்கோழி வேட்டை பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். அதில் 'பாட் கால்' என்ற கருவி அடிக்கடி வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கிண்ணம். மேலே அலுமினியத் தகடு. குச்சியால் உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் எழுகிறது. அதைக் கேட்டு ஆண் பறவை தேடி வருகிறது. 'பானை அழைப்பு' என்று எழுதினால் பானை யாரையோ விருந்துக்குக் கூப்பிடுகிறது. ஒலிபெயர்த்தால் 'கால்' உடலுறுப்பாகிவிடுகிறது. வரியில் இடமும் குறைவு. உதவுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: அகவு. மயில் அகவும் என்பது குழந்தைக்கும் தெரியும். அகவுதல் அழைத்தலும்தான். குறுந்தொகை 23இல் ஔவையார் 'அகவன் மகளே' என்று குறிசொல்லும் கட்டுவிச்சியை விளிக்கிறார். எனவே 'அகவுகலம்'. போலி காட்டி விலங்கைப் பிடிப்பதும் நமக்குப் புதிதல்ல. புறநானூறு 320இல் வேட்டுவன் பழக்கிய 'பார்வை மடப்பிணை', அதாவது பிற மான்களை ஈர்க்க வைத்த பெண்மான், வருகிறது. அவன் அயர்ந்து தூங்க, காட்டுக் கலைமான் ஒன்று வந்து அந்தப் பிணையோடு விளையாடுகிறது! 'பார்வைக்கலம்' என்றாலும் தகும்.

பெங்களூரு, மென்பொருளாளர்:
ஐயா, பார்வைக்கலம் என்றால் தொலைநோக்கி என்பார்கள். அகவல் என்றால் விநாயகர் அகவல். படம் பார்ப்பவர் நிகண்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். 'உரசுவட்டு' போதும்.

சென்னை:
வன்வட்டு, குறுவட்டு, உரசுவட்டு. தரவு அழிந்துவிடும் என்று பயப்படுவார்கள்.

கோவை, தனித்தமிழ் அன்பர்:
கருவிக்குத் தமிழ்ப்பெயர் தேடிவிட்டு 'அலுமினியம்' என்று எழுதுவது என்ன நியாயம்? அலுமினியப் பாத்திரத்தை மக்கள் ஈயப்பாத்திரம் என்றுதானே சொல்கிறார்கள்? 'ஈய அகவுகலம்' என்று எழுதுங்கள்.

மிசூரி, பொறியாளர்:
நான் ஒவ்வொரு வசந்தத்திலும் இங்கே இந்த வேட்டைக்குப் போகிறவன். ஈயம் வேண்டவே வேண்டாம். துப்பாக்கித் தோட்டாவில் ஈயக் குண்டுகள் உண்டு. ஒரே காட்சியில் இரண்டும் வந்தால் யாருக்கும் விளங்காது. மேலும் உலோகத்தின் பெயர் கருவியின் பெயருக்குள் வரவே கூடாது. இதே கிண்ணத்தில் அலுமினியத்துக்குப் பதிலாகப் பலகைக்கல்லோ (ஸ்லேட்) கண்ணாடியோ வைப்பார்கள். கல்லின் குரல் மென்மை, பறவை நெருங்கிய பிறகு ஏற்றது. அலுமினியத்தின் குரல் உச்சம், கூர்மை. காற்றடிக்கும் நாளிலும் தூரத்துக்குப் போகும். அதனால் விடிந்ததும் பறவை எங்கே என்று அறிய அலுமினியத்தை எடுப்பேன், பதில் குரல் நெருங்கியதும் கல்லுக்கு மாறுவேன்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சொல்லும் கிடைக்கும். தகட்டை உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்; குச்சியை அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். பளபளப்பாகிவிட்டால் குச்சி வழுக்கும், குரல் வராது. தகட்டில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப்பசை ஒட்டும். கிண்ணத்தின் அடியில் துளைகள் உண்டு. அவற்றை மூடாமல் விரல் நுனிகளால் பிடிக்க வேண்டும். குச்சியைப் பேனாபோல் சாய்த்துப் பிடித்து, நுனியைத் தூக்காமல் சிறு வட்டமாக உரசினால் கூப்பிடும் குரல். சற்றே இழுத்து நிறுத்தினால் ஒற்றைக் 'கொக்'. மழையில் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மரக்குச்சி ஈரமானால் வழுக்கும். அப்போது பிளாஸ்டிக் குச்சி. ஆகவே உரசுவதே உயிர். 'உரசு' இல்லாத பெயர் எனக்கு ஒவ்வாது.

தஞ்சாவூர்:
நல்ல விளக்கம், தம்பி. ஆனால் ஓர் ஐயம். தொல்காப்பிய மரபியல் 'அளகு' என்ற பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் தந்து, மயிலுக்கும் உரித்து என்கிறது. வான்கோழி பெயரளவில் கோழி. அப்படியானால் அதன் பெட்டை அளகா?

பெங்களூரு:
தொல்காப்பியர் வான்கோழியைப் பார்த்திருக்கவே முடியாது, ஐயா. அது அமெரிக்கப் பறவை; ஐரோப்பாவுக்கே 16ஆம் நூற்றாண்டில்தான் போனது.

கோவை:
அப்படியானால் மூதுரையில் 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' எங்கிருந்து வந்தது?

தஞ்சாவூர்:
அது வேறொரு பறவையாக இருக்கலாம், அல்லது பாட்டு பிற்காலத்தது. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

சென்னை:
தயவுசெய்து தொடங்குங்கள். எனக்கு நாளை வெள்ளிக்கிழமை.

ஈரோடு, கால்நடை மருத்துவர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சேவல் கூவும், பெட்டை கேறும். எங்கள் பக்கத்தில் முட்டையிடப் போகும் கோழி கேறுகிறது என்பார்கள். கருவி எழுப்புவது பெட்டைக்குரல். எனவே 'கேறுகலம்'. இலக்கியச் சான்று கேட்காதீர்கள், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

மிசூரி:
அருமையான சொல். ஆனால் சென்னைக்காரர்களுக்குத் தெரியுமா?

சென்னை:
அலுவலகத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவர் 'ஏறுகலம் என்பதன் பிழையா' என்றார். 'உரசுகூவி' என்று வைத்துக்கொள்கிறேன். உலாவி, செயலி போலப் பழகிவிடும். குச்சி குச்சியாகவே இருக்கட்டும், அலுமினியம் அலுமினியமாகவே.

பெங்களூரு:
சரி.

மிசூரி:
சரி. 'உரசு' இருக்கிறது, எனக்கு அது போதும்.

கோவை:
களைப்பினால் ஒப்புகிறேன். அலுமினியத்தை ஒப்பவில்லை.

ஈரோடு:
நான் ஒப்பவில்லை. கூவுவது சேவல்தான். உங்கள் வேட்டைக்காரர் சேவல்போலக் கூவினால் எதிரே வருவது சண்டைக்கு வரும் இன்னொரு சேவல். வசந்தகால வேட்டையின் சூட்சுமமே பெட்டைக்குரல் என்று மிசூரி நண்பரும் அறிவார். குழுவின் சொற்பட்டியலில் என் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள்.

சென்னை:
பதிந்துவிட்டேன். கோப்பும் போய்விட்டது. அடுத்த பகுதியில் மூடியை உரசும் மரப்பெட்டி ஒன்று வருகிறது, 'பாக்ஸ் கால்'. அதற்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது.