குரோனோகிராஃப் வாட்ச்: தினசரி உதவுமா, அழகுக்கு மட்டுமா?

கேள்வி (புதுக்கை):
பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்க நினைக்கிறேன். மூன்று சின்ன டயலும் இரண்டு பட்டனும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் போனிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே, நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா?

பதில் (சாவிகொடுப்பவன்):
தினமும் பயன்படுத்துகிறேன். காலையில் இட்லித் தட்டை ஏற்றியதும் மேல் பட்டனை அழுத்துவேன். பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவேன். மாவுக்கையோடு போனைத் தொட வேண்டியதில்லை. நிறுத்தவும் அதே பட்டன்தான். கீழ்ப் பட்டன் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். அந்த 'டிக்' விரலில் படும் சுகத்துக்காகவே சும்மாவும் அழுத்துவேன்.

1970இல் நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பும்போது, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவிகளை அணைத்துவிட்டார்கள். பாதையைத் திருத்த எஞ்சின் 14 விநாடி எரிய வேண்டும். விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகர்ட் அதைத் தன் கையிலிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் குரோனோகிராஃபில் பார்த்துத்தான் கணக்கிட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

பதில் (நெடுஞ்சாலை):
விளிம்பில் டாக்கிமீட்டர், அதாவது வேகம் காட்டும் எண் வரிசை இருந்தால் விடாதீர்கள். பஸ்ஸில் ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி என்றால் முள் 80ஐக் காட்டும், அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். என் மகளுக்கு வகுத்தல் கணக்கு இப்படித்தான் பிடித்துப்போனது.

புதுக்கை:
சரி, டாக்கிமீட்டர் உள்ளதாகவே பார்க்கிறேன். தண்ணீரில் பட்டனை அழுத்தலாமா?

சாவிகொடுப்பவன்:
வேண்டாம். அதற்கென்றே செய்த வாட்ச் தவிர மற்றதில் தண்ணீர் உள்ளே போய்விடும்.