பாத்ரூம் ரேடியேட்டரில் பெயிண்ட் அடித்தும் துரு திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம்_வாசி:
அவசரம். பாத்ரூம் சுவரில், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அடியில் துரு பிடித்திருந்தது. தேய்த்துவிட்டு வெள்ளை அடித்தேன். கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் பழுப்புக் கறை. ஊரிலிருந்து அம்மா வருகிறார், குளிர் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். எந்த பெயிண்ட் நல்லது?

ஹாரோ_அண்ணன்:
இப்போது அடித்தது என்ன பெயிண்ட்? பிரைமர் போட்டீர்களா? ஹீட்டிங் ஓடும்போதே அடித்தீர்களா? ஒன்றும் சொல்லாமல் எது நல்லது என்றால் எப்படி?

மழைக்காதலி:
துரு சரியாக எங்கே? தகட்டின் நடுவிலா, குழாய் வந்து சேரும் மூலையிலா?

குரோய்டன்காரன்:
ஈரத் துணியை அதன்மேல்தானே காயப் போடுகிறீர்கள்? எல்லா வீட்டிலும் இதே கதைதான். சொட்டும் தண்ணீர் கீழ் விளிம்பில் போய் நிற்கும். துணியை எடுங்கள், துருவும் நின்றுவிடும்.

பழைய_கை:
ஒவ்வொரு அக்டோபரிலும் இதே கேள்வி, இதே பதில். ஹீட்டிங்கை நிறுத்தி முழுதாக ஆறவிடு. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய். சுகர் சோப் (பெயிண்ட் அடிக்கும் முன் பிசுக்கு எடுக்கும் பவுடர்) போட்டுக் கழுவு. காய்ந்ததும் மெட்டல் பிரைமர், அதன்மேல் ரேடியேட்டர் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் இதற்கு ஆகாது. வால்விலும் காற்று எடுக்கும் திருகிலும் பெயிண்ட் படக்கூடாது. டின்னின் பின்பக்கத்தைப் படித்தாலே போதும் தம்பி.

லூட்டன்_அக்கா:
வீடு எந்தக் காலத்தது? பழைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம். இங்கே பிரிட்டனில் கடைகளில் ஈயப் பெயிண்ட் விற்பதைத் தடை செய்ததே 1992இல்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள்.

பழைய_கை:
அக்கா, மெல்லிய தகட்டு ரேடியேட்டருக்குத் தொழிற்சாலையிலேயே பூச்சு போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தப் பயம் அதிகம் பழைய வார்ப்பிரும்புக்குத்தான்.

வெம்பிளி_மாமா:
வெள்ளையே வேண்டாம், சில்வர் அடியுங்கள். சூட்டை அப்படியே அறைக்குள் தள்ளும்.

மழைக்காதலி:
நேர் எதிர் மாமா. அலுமினியத் தூள் கலந்த பெயிண்ட் வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும். சாதாரண பெயிண்ட் வெள்ளையோ கறுப்போ, சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வீசும்.

வெம்பிளி_மாமா:
எங்கள் வீட்டு சில்வர் ரேடியேட்டரில் கை வைக்க முடியாது தெரியுமா?

மழைக்காதலி:
அந்தச் சூடு அறைக்கு வர வேண்டாமா?

குரோய்டன்காரன்:
தகட்டு ரேடியேட்டரில் பெரும்பாலான சூட்டை, அதில் பட்டு மேலே ஏறும் காற்றே அறைக்குக் கொண்டுபோகிறது. இரண்டு பேரும் விடுங்களேன்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
வேலையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். வலது மூலை, வால்வுக்கு நேர் கீழே. பாய்லரில் தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் அடிக்கடி இறங்கும், தண்ணீர் விட்டு ஏற்றிக்கொள்வோம். வாடகை வீடு. துணி காயப் போடுவதில்லை.

ஹாரோ_அண்ணன்:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. வால்வு மூட்டில் துளித்துளியாக வருவது சூட்டிலேயே ஆவியாகிவிடும், தரை நனையாது. கறை மட்டும் மிஞ்சும். காய்ந்த டிஷ்யூவை அந்த நட்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் அதில் வரும் ஆக்சிஜன் உள்ளேயும் துருவைக் கிளப்பும். பெயிண்டையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சாதாரண வாடகை ஒப்பந்தம் என்றால் ஹீட்டிங்கைப் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, 1985 வாடகைச் சட்டம் 11ஆம் பிரிவு. போனில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள்.

பழைய_கை:
கசிவை அடைத்த பிறகு நான் சொன்ன முறைதான்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
டிஷ்யூ ஒரு பக்கம் மஞ்சளாக ஊறியிருந்தது. வீட்டுக்காரருக்குப் படத்தோடு மெசேஜ் போட்டாச்சு. நன்றி அண்ணா.

வெம்பிளி_மாமா:
அது சரி, சில்வர் மேலேயே வெள்ளை அடித்தால்?

மழைக்காதலி:
கடைசிக் கோட்தான் கணக்கு மாமா. அடியுங்கள்.