பொருள்: 'ஃபிளேர்' - தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

வி.:
வணக்கம். சிறார் மூட்டழற்சி உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஆய்வுப் படிவம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் விடப்போகிறார்கள். "ஆறு மாதத்தில் எத்தனை முறை ஃபிளேர் வந்தது?" என்பதுதான் முக்கியக் கேள்வி. மருத்துவமனை என்றால் நர்ஸ் விளக்குவார். போனில் நிரப்புகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? அடங்கியிருந்த நோய் திரும்பத் தலைதூக்குவது என்று பொருள். 'சீற்றம்' சரிவருமா?

புலவர் மா.:
சீற்றம் கடலுக்கும் பாம்புக்கும் உரியது. 'அழலெழல்' என்க. ஆனால் 'மூட்டழற்சி'யே இடிக்கிறது. 'வளிமுதலா எண்ணிய மூன்று' (குறள் 941): வளி எனும் வாதம், பித்தம், கபம். மூட்டுநோய் வளியின் பாற்பட்டது, அழலோ பித்தம். வளிநோய்க்கு அழலின் பெயரைச் சூட்டியவர் யார்? முடக்குவாதத்தை முடக்குவளி என்று திருத்தி, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

டாக்டர் க.:
ஐயா, 'முடக்கு' வேண்டவே வேண்டாம், பிள்ளை முடங்கிவிடும் என்று தாய் பயந்துவிடுவார். அழலும் ஆபத்து. இந்த நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சிக்குப் பெரும்பாலும் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்தால்தான் தெரியும். நெருப்பைத் தேடுகிற பெற்றோர் 'வரவில்லை' என்று குறித்துவிடுவார்கள். போதாததற்கு, கண் மருத்துவர் 'ஃபிளேர்' என்றால் வேறு: முன்கண் நீரில் புரதம் கசிந்து மங்கலாகத் தெரிவது.

ஒரு பெற்றோர்:
எங்கள் குழுவில் "மறுபடி ஏறிடுச்சு", "காலைல முட்டி மடங்கல" என்றுதான் எழுதுவோம். வெளிநாட்டுக் குழுக்களில் இருப்பவர்கள் ஃபிளேர் என்பார்கள். இன்னொன்று, பிள்ளை நன்றாக இருந்தால் யாரும் குழுப்பக்கம் வருவதில்லை. கணக்கு கூடித்தான் வரும்.

செ.:
உண்மைதான். ஆனால் ஊடகத்தைத் தள்ளவும் முடியாது. 2020 மார்ச்சில் வாதநோய் மருத்துவர்கள் ட்விட்டரில் பேசிக்கொண்டதில்தான் அவர்களுடைய உலகளாவிய கொரோனாப் பதிவேடே பிறந்தது. சொல்லுக்கு வருவோம்: 'நோய் மீளெழல்'?

டாக்டர் க.:
நோயிலிருந்து மீண்டெழுந்தான் என்றால் குணமானான் என்றல்லவா பொருள்! படிவமே தலைகீழாகும்.

செ.:
அட, ஆமாம். அப்போது 'நோய்க்கிளர்வு'?

புலவர் மா.:
கிளர்ச்சிக்குத் தம்பி. காவல்துறை வரும்.

வி.:
செ. சொன்ன 'நோய்க்கிளர்வு' இருக்கட்டும். அதைப் போட்டு, கீழே "அடங்கியிருந்த நோய் மூட்டிலோ கண்ணிலோ மறுபடி ஏறுவது, உங்களுக்குத் தெரியாமல் மருத்துவர் கண்டுபிடித்ததையும் சேர்த்து எண்ணுங்கள்" என்று எழுதி அனுப்புகிறேன். பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் ஃபிளேர் என்றும் இருக்கும்.

புலவர் மா.:
விளக்கம் நன்று. சொல்லுக்கு என் உடன்பாடு இல்லை. 'வளி' குறித்துத் தனி இழை தொடங்குகிறேன்.